கிர்பி அமேசிங் மிரர்: சேர்ந்து ஆட ஆளுக்கொரு கேசட்

வணக்கம் அம்பாசமுத்திரம் நண்பரே. கிர்பி என்ற நாயகனை வைத்து ஆடும் 'அமேசிங் மிரர்' வீடியோ கேமுக்கு உங்களிடம் இருப்பது இரண்டு கேம்பாய் அட்வான்ஸ் கைக்கருவி, அவற்றை இணைக்க ஒரு கேபிள், ஒரே ஒரு கேசட். தங்கையோடு சேர்ந்து ஆட முடியவில்லை, தனியாக ஆடினாலும் வழி தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கருவியில் கோளாறு இல்லை. முதன்மை ஆட்டத்தைச் சேர்ந்து ஆட ஆளுக்கொரு கேசட் வேண்டும். கேபிளின் ஊதா முனையை முதல் ஆட்டக்காரர் செருக வேண்டும். வீட்டில் ஆளுக்கொரு நிண்டெண்டோ ஸ்விட்ச் விளையாட்டுக் கருவி இருந்தால் இன்னொரு கேசட் தேட வேண்டாம். 2023 செப்டம்பரில் அதன் ஆன்லைன் சந்தாவின் கூடுதல் தொகுப்பில் இந்த ஆட்டத்தைச் சேர்த்துவிட்டார்கள்.

அப்புறம், வழி. 2004இல் வந்த இந்த ஆட்டத்தில் ஒன்று, இரண்டு என்று கட்டங்கள் வரிசையாக வராது. ஆட்டத்தை முடிக்கச் சேகரிக்க வேண்டிய எட்டுக் கண்ணாடித் துண்டுகளை எந்த வரிசையிலும் சேர்க்கலாம். அதனால் பகுதியின் கடைசியில் வரும் பெரிய அரக்கனைத் தேடி உடனே ஓடாதீர்கள். ஒவ்வொரு பகுதியிலும் பெரிய பெட்டிக்குள் இருக்கும் வரைபடத்தை முதலில் எடுங்கள். பெரிய பொத்தான் கண்ணில் பட்டால் விடாமல் மிதியுங்கள். நடுக்கூடத்தில் அந்தப் பகுதிக்கு நேர்வழிக் கண்ணாடி வாசல் திறந்துவிடும்.

ஆர் பொத்தானை அழுத்தினால் கிர்பி செல்போனை எடுத்து ஆட்டத்தில் இருக்கும் மற்ற கிர்பிகளை உதவிக்குக் கூப்பிடும். பாளையங்கோட்டையில் அக்கா மகனோடு ஆடும்போது, ஒவ்வொரு முறையும் "ஏல, சீக்கிரம் வால!" என்று அவனும் சேர்ந்து கத்துவான். அந்த செல்போனின் பேட்டரி மூன்று அழைப்புக்குத்தான் வரும். அரக்கன் அறை வாசலுக்கு ஒன்றையாவது மிச்சம் வையுங்கள்.