"முக்கோணம் எதுக்கு மிஸ்?" – கடிதம்

வணக்கம் சார். ஏழாங்கிளாஸ் பசங்கள ஐஸ் குச்சியில பாலம் செய்ய சொன்னேன். முக்கோணம் வச்சு ஒட்டுனதும் நிக்குது, வெறும் சதுரமா ஒட்டுனதும் ஜம்முனு நிக்குது. "அப்ப முக்கோணம் எதுக்கு மிஸ்"னு ஒருத்தி கேட்டுட்டா. செலவில்லாம வேற எப்படி காட்டுறது?
– ஒரு அறிவியல் டீச்சர்

வணக்கம் டீச்சர்,

அந்தப் பொண்ணுக்கு முதல்ல ஒரு சபாஷ். காரியத்த கெடுத்தது பசைதான். ரெண்டு பட்டைக் குச்சி ஒண்ணு மேல ஒண்ணு படுத்து ஒட்டிக்கிச்சுன்னா மூலை அசையாது, மூலை அசையலன்னா சதுரமும் நிக்கத்தான் செய்யும். முக்கோணத்தோட அருமை தெரியணும்னா மூட்டு லொடலொடன்னு இருக்கணும்.

சைக்கிள் வால்வு டியூப் வாங்குங்க. குப்பையில இருந்து அறிவியல் பொம்மை செய்யுற அரவிந்த் குப்தா 1978 வாக்குல மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகள்ல வேலை பாத்தப்ப கண்டுபிடிச்ச வித்தை இது. டியூப சின்ன சின்னதா நறுக்கி ரெண்டு பக்கமும் தீக்குச்சிய சொருகுனா மூட்டு ரெடி, மூணாவது குச்சி வேணும்னா நடுவுல கருவேல முள்ளால குத்தி சொருகணும். சதுரத்த லேசா தள்ளுனாலே சாஞ்சிரும், முக்கோணம் அசையாது. சதுரத்துக்கு குறுக்குக் குச்சி போடப் போனா தீக்குச்சி எட்டாது, ஏன்னா 1.4 மடங்கு நீளம் வேணும், அத பசங்களே அளந்து கண்டுபிடிக்கட்டும், நீங்க வெளக்கமாத்து ஈர்க்க மட்டும் குடுங்க. அடுத்து 12 குச்சியில கனசதுரம். பொத்துனு விழும். எத்தன குறுக்கு போட்டா நிக்கும்னு பந்தயம் கட்ட சொல்லுங்க (முகத்துக்கு ஒண்ணுன்னு 6 போதும்). யூடியூப்ல வர்ற மாதிரி ஸ்பகெட்டி குச்சி, மார்ஷ்மெல்லோ மிட்டாய் வச்சு கட்டுறதெல்லாம் வேணாம், நம்ம வெயிலுக்கு பிசுபிசுத்துரும்.

நிஜப் பாலத்துல ரிவெட் ஆணி அடிச்சு இறுக்கித்தானே வச்சிருக்காங்கன்னு அதே பொண்ணு அடுத்து கேப்பா. ஒரு ஈர்க்குச்சிய இழுத்து அறுக்க சொல்லுங்க, அப்புறம் வளைச்சு ஒடிக்க சொல்லுங்க. இழுத்தா லேசுல அறாது, வளைச்சா ஒடிஞ்சிரும். சதுரத்துல பாரம் ஏறுனா கம்பி வளையணும், முக்கோணத்துல பெரும்பாலும் நீளவாக்குல இழுபடுறதும் அமுங்குறதும்தான். 1914ல திறந்த பழைய பாம்பன் பாலத்துல கப்பலுக்குத் தூக்கிட்டிருந்த பகுதியோட போட்டோவ காட்டி முக்கோணத்த எண்ண சொல்லுங்க.

தீக்குச்சி மருந்த மட்டும் நீங்களே வீட்ல சுரண்டிட்டு கொண்டு போங்க டீச்சர், பொட்டிய பசங்க கையில குடுக்காதீங்க.