குளிர்ந்திருக்கும் குஞ்சுக்கு ஊட்டாதீர்கள்

கேள்வி: வீட்டில் ஒரு ஜோடி காக்டெயில் (கொண்டை வைத்த சிறு கிளி இனம்) வளர்க்கிறோம். முதல் முறையாக நான்கு முட்டை இட்டு, மூன்று பொரித்தன. மூத்தவை இரண்டும் நன்றாக இருக்கின்றன. 12 நாளான கடைசிக் குஞ்சை மட்டும் தாயும் தகப்பனும் ஒதுக்கிவிட்டன. தலையில் கொத்திய காயமும் இருக்கிறது. தொட்டால் சில்லென்று இருக்கிறது. கைக்குழந்தைக்குக் கொடுக்கும் பால் கலந்த மாவைக் கரைத்து, வாயைத் திறந்து ஊற்றச் சொல்கிறார் கடைக்காரர். செய்யலாமா? பிழைக்குமா?
- ஒரு வாசகி, பல்லடம்

பதில்: ஊற்ற வேண்டாம் என்று அன்றைக்கே போனில் சொல்லிவிட்டேன். அவசரத்தில் காரணம் சொல்ல நேரமில்லை. இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியதில் என்னைப் பதற வைத்தது 'சில்லென்று இருக்கிறது' என்ற வரிதான். உடம்பு குளிர்ந்த குஞ்சுக்குச் செரிமானம் நின்றுவிடும். பசிக்கிறதே என்று ஊட்டினால் உணவு தீனிப்பையிலேயே (விழுங்கியது முதலில் போய்ச் சேரும் கழுத்தடிப் பை) தங்கிப் புளித்துப்போகும். அதனால் முதலில் சூடு, அப்புறம்தான் சோறு. ஓர் அட்டைப்பெட்டியில் டிஷ்யூ காகிதத்தைக் கசக்கிப் பரப்புங்கள். செய்தித்தாள் வழுக்கும், கால்கள் இரண்டும் அகன்று கோணிக்கொள்ளும். பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் பழைய குண்டு பல்பு எரியட்டும். எல்இடி பல்பு போதிய சூடு தராது. இந்த வயதுக் குஞ்சுக்கு 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் போதும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம் என்று பொருள். தோல் இளஞ்சிவப்பாகி, குஞ்சு தானாகவே தலையைத் தூக்கிக் கத்தும். அதுதான் ஊட்டும் நேரம்.

பால் கலந்த மாவு கூடவே கூடாது. பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்கப் பறவையின் உடம்பில் வழி கிடையாது. கிளிக்குஞ்சுகளுக்குக் கையால் ஊட்டவென்றே விற்கும் மாவை வாங்கி, கொதித்து ஆறிய நீரில் கரையுங்கள். ஸ்பூனைச் சாய்த்தால் இடையில் அறுபடாமல் வழிய வேண்டும், அதுதான் பதம். ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் கரையுங்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

கூழின் சூடு 39 முதல் 40 டிகிரி இருக்க வேண்டும். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரே இதற்குப் போதும். கையில் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பல வருடங்களுக்கு முன் நான் அப்படிச் செய்தேன். சில நாள் கழித்து, குஞ்சின் கழுத்தடியில் பொருக்குத் தட்டி ஓட்டை விழுந்து, ஊட்டிய கூழ் அதன் வழியே மார்பு இறகில் வழிந்தது. தீனிப்பை உள்ளே வெந்துபோயிருக்கிறது. கால்நடை மருத்துவர் தைத்துக் காப்பாற்றினார். இன்றைக்கும் தெர்மாமீட்டர் இல்லாமல் நான் ஊட்டுவதில்லை.

வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு சிரிஞ்சைவிட, இரண்டு ஓரமும் மேலே மடித்த டீ ஸ்பூன் பத்திரமானது. குஞ்சின் இடப்பக்கத்திலிருந்து அலகின் ஓரத்தைத் தொடுங்கள். உடனே தலையை மேலும் கீழுமாக வேகமாக ஆட்டும். அப்படி ஆட்டும்போது மட்டுமே விழுங்கும். ஆட்டம் நின்றால் ஸ்பூனை எடுத்துவிடுங்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்குதான் ஒரு வேளை அளவு. 35 கிராம் குஞ்சுக்கு மூன்றரை மில்லி. பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஊட்டுங்கள், இரவில் ஆறு மணி நேரம் தூங்க விடுங்கள்.

விடிந்ததும் முதல் வேலையாகக் கழுத்தடியைத் தடவிப் பாருங்கள். தீனிப்பை காலியாகித் தோல் தொளதொளவென்று இருந்தால் நல்லது. முந்தைய இரவுக் கூழ் அப்படியே நின்றால் அதன்மேல் ஊட்டாமல் அன்றே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

தாயின் மேல் கோபப்படாதீர்கள். காக்டெயில் பெரும்பாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் முட்டையிடும். குஞ்சுகளும் அதேபோல் முன்பின்னாகப் பொரிக்கும். கடைக்குட்டி, மூத்ததைவிட நாலைந்து நாள் இளையது. அண்ணன்கள் கழுத்தை நீட்டிக் கத்தும்போது இதன் குரல் எடுபடாது. அதிலும் உங்களுடையது புது ஜோடி. மூத்தவற்றின் தீனிப்பையையும் தினம் ஒருமுறை பாருங்கள்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது உங்கள் குஞ்சுக்கு மூன்று வாரம் தாண்டியிருக்கும். முள் போன்ற உறைகள் பிரிந்து இறகு விரியும் பருவம், இனி நான்கு ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்டினால் போதும். ஐந்து வாரம் நெருங்கும்போது பறக்கத் தொடங்கும், எடையும் கொஞ்சம் இறங்கும், பயப்பட வேண்டாம். அப்போது தினைக்கதிர், ஊறவைத்த சிறுதானியம், பொடியாக நறுக்கிய கீரை எல்லாம் காலடியில் கிடக்கட்டும். கொறித்துப் பழகட்டும். அது தானாகச் சாப்பிட ஏழு முதல் பத்து வாரம் ஆகும். அதுவரை இரவுக் கூழை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கேட்டுக் கத்துகிற குஞ்சைப் பட்டினி போட்டுப் பழக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.