மாடு நிறைய மேய்ஞ்சா புல்லு செழிக்குமா, அழிஞ்சிடுமா?

மேய விட்டாத்தான் புல்லு நல்லா வரும்னு ஒருத்தர் சொல்றார், மேய விட்டுத்தான் தரையே மொட்டையாச்சுன்னு இன்னொருத்தர் சொல்றார், எது உண்மைன்னு கேட்டிருக்கீங்க. ரெண்டுமே நடக்கும். நிறைய பேர் மாட்டு எண்ணிக்கைய மட்டும் பாக்குறாங்க, என்னைக் கேட்டா அதைவிட முக்கியம் எவ்ளோ ஒட்டக் கடிக்குது, கடிச்ச புல்லை மறுபடி எப்ப கடிக்குதுங்கிறதுதான்.

ஒரு புல்லுத் தூரைப் பிரிச்சுப் பாருங்க. இலை வளர்ற இடம் நுனியில இருக்காது, அடியில தரையை ஒட்டி இருக்கும், அதனாலதான் நுனியைக் கடிச்சாலும் அதே இலை கீழேருந்து நீண்டு வருது. ஆனா கதிர் விட ஆரம்பிச்சதும் குருத்து தண்டோட மேல ஏறிடும், அந்த நேரத்துல குருத்தோட கடிச்சா அந்தத் தண்டு அவ்ளோதான், பக்கத்துல புதுசா கிளைச்சு வந்தாத்தான் உண்டு.

கடிச்ச புல்லு திரும்ப வளர, மிச்சமிருக்கிற பச்சை இலையும் தூர் அடியில சேத்து வச்ச சர்க்கரையும் வேணும். 1955ல அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட, க்ரைடர்ங்கிற ஆய்வாளரோட ஆய்வுல, இலையில பாதிய வெட்டினப்ப வேர் வளர்ச்சி பெருசா பாதிக்கல, 80 சதவீதம் வெட்டினப்ப வேர் வளர்ச்சி மொத்தமா நின்னு, கிட்டத்தட்ட 12 நாள் அப்படியே இருந்துச்சு. எல்லாப் புல்லும் இதே கணக்குல நடக்காது, ஆனா போக்கு இதுதான். வேர் நின்ன நேரத்துல வந்த துளிரையும் மாடு திரும்பக் கடிச்சா சேமிப்பு கரைஞ்சு தூர் செத்துடும். மாட்டுக்கு இளந்துளிருன்னா உசுரு, அதனால பெரிய தரையில நாலே மாடு விட்டாலும் கடிச்ச இடத்தையே திரும்பத் திரும்பக் கடிக்கும், பக்கத்துல முத்துன புல்லு தொடாமலே நிக்கும். கடைசியில நிமிர்ந்து வளர்ற நல்ல புல்லு போய், அருகு மாதிரி தரையோட படர்றதும் களையும்தான் மிஞ்சும்.

மேய விடாமலே வச்சிருந்தாலும் நல்லதில்ல. மேல் இலை நிழல்ல அடித்தூர் கிளைக்காது, கீழ் இலை மஞ்சளாகி அழுகும். ரைகிராஸ்ங்கிற குளிர்நாட்டு மேய்ச்சல் புல்லுல ஒரு கிளைக்கு உசுரோட சுமார் 3 இலைதான் நிக்கும், நாலாவது வரும்போது முதல் இலை காஞ்சுடும், அப்போ அதுக்கு மேல காத்திருந்தா தீவனம் வீண்தான். அந்த மூணாவது இலை வர்ற நேரம்தான் மேய்க்க சரியான நேரம்.

அதே தரையில மாட்டு எண்ணிக்கைய ஏத்திக்கிட்டே போனா, ஒவ்வொரு மாட்டுக்கும் ஏறுற எடை குறையும், ஆனா ஹெக்டேர் கணக்குல எல்லா மாட்டுக்கும் சேத்து ஏறுற எடை கொஞ்ச தூரம் கூடும், ஒரு கட்டத்துக்கு மேல அதுவும் சரியும்.

தரையைப் பட்டி பட்டியா பிரிச்சு, ஒண்ணு மாத்தி ஒண்ணுல மேய்க்கிறவங்க ஒண்ணு கட்டாயம் கவனிக்கணும். மழை நின்னு வளர்ச்சி மந்தமானா ஒவ்வொரு பட்டியிலயும் புல்லு சீக்கிரம் தீரும், உடனே அடுத்ததுக்கு ஓட்டுவோம், சுத்து வேகமாகி ஓய்வு நாள் குறைஞ்சுடும், புல்லுக்கு அதிக ஓய்வு வேண்டிய நேரத்துலதான் இது நடக்கும். பிரான்ஸ்ல மேய்ச்சலைப் பத்தி ஆராய்ஞ்சு எழுதின ஆந்த்ரே வாசான் 1950கள்லயே இதை எச்சரிச்சிருக்கார். அப்ப மாட்டுல கொஞ்சத்தைக் குறைங்க, இல்லன்னா வெளியிலேருந்து தீவனம் போட்டு புல்லு எழும்புற வரைக்கும் காத்திருங்க.