கடை மாடியில் கேக் வகுப்பு: பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: எங்கள் ஊர் டிபார்ட்மென்டல் ஸ்டோர் மாடியில் ஒரு நாள் எக்லெஸ் கேக் வகுப்பு நடத்துகிறார்கள். கட்டணம் 1,500 ரூபாய். ப்ரீமிக்ஸ் (எல்லாம் கலந்தே வரும் கேக் மாவு), க்ரீம், ஓவன் எல்லாம் கீழேயே வாங்கிக்கொள்ளலாம், சர்டிஃபிகேட்டும் தருவோம், அதை வைத்து வீட்டிலிருந்தே விற்கலாம் என்கிறார்கள். சேரலாமா? (வாசகி, கரூர்)

பதில்: கற்றுக்கொள்ளச் சேரலாம், சர்டிஃபிகேட்டுக்காக வேண்டாம். கேக் விற்பதற்கு அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை.

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். நம் கையால் செய்ய விடுவார்களா, வேடிக்கை பார்க்க மட்டுமா? அளவு கிராமிலா, கப்பிலா? கப் என்றால் யோசியுங்கள். மைதாவைத் தளர்வாக அள்ளினால் ஒரு கப் 120 கிராம். அமுக்கி எடுத்தால் 150 வரை போகும். அந்த 30 கிராமில்தான் கேக் வறண்டு, மேலே வெடிக்கிறது.

எத்தனை பேருக்கு எத்தனை ஓவன் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எக்லெஸ் மாவில் ஈரம் பட்டதுமே சமையல் சோடா வேலை செய்ய ஆரம்பித்துவிடும். பதினைந்து பேர் மாவு கலக்கி ஒரே ஓவனுக்கு வரிசையில் நின்றால், கடைசியில் வைப்பவரின் மாவில் காற்று பாதி போயிருக்கும், கேக் நடுவில் குழி விழும். "உங்களுக்குக் கைப்பக்குவம் வரவில்லை, ப்ரீமிக்ஸ் வாங்குங்கள்" என்பார்கள். பழி ஓவன் வரிசைமேல், பில் உங்கள்மேல்.

அடிப்படை அளவு இவ்வளவுதான்: கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம், மைதா 125 கிராம், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சோடா அரை டீஸ்பூன், உருக்கிய வெண்ணெய் 60 கிராம், தண்ணீர் 75 மில்லி, வெனிலா 1 டீஸ்பூன். 6 அங்குல டின்னில் ஊற்றி, முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 180 டிகிரியில் அரை மணி நேரம். நடுவில் குத்திய குச்சி ஈரமாக வந்தால் இன்னும் ஐந்து நிமிடம்.

ப்ரீமிக்ஸே கூடாது என்று சொல்லவில்லை. வாரத்தில் பல ஆர்டர் வந்து எல்லாமே ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றால் ப்ரீமிக்ஸ் நல்லதுதான். மாவைப் பிடித்து நிறுத்தும் எமல்சிஃபையர் அதிலேயே இருப்பதால் ஸ்பான்ஜ் சீராக வரும். ஆனால் கம்பெனி சீல் உடையாத பை, தேதியும் பேட்ச் எண்ணும் உள்ள பை மட்டும். மூட்டையைப் பிரித்து அரை கிலோ பாலித்தீன் கவரில் கட்டி, கடைப் பெயர் ஸ்டிக்கர் ஒட்டியதை வாங்காதீர்கள். ஈரக்காற்று பட்ட ப்ரீமிக்ஸ் உப்பாது. பிரித்துக் கட்டிய பேக்கிங் பவுடரும் அப்படித்தான். ஒரு டீஸ்பூனைச் சுடுதண்ணீரில் போட்டால் பொங்கி நுரைக்க வேண்டும். சோம்பலாக நாலு குமிழி வந்தால் குப்பையில் போடுங்கள். ஆக, சீல் பை, தொடர்ந்து ஆர்டர்: இரண்டும் இருந்தால் ப்ரீமிக்ஸ் வாங்கலாம். கற்றுக்கொள்ளும் காலத்தில் வேண்டாம், எந்தப் பொருள் என்ன செய்கிறது என்றே தெரியாமல் போய்விடும்.

க்ரீமில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நான்-டெய்ரி விப்பிங் க்ரீம் (தாவரக் கொழுப்பில் செய்தது) மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டியது. ராத்திரி ஃப்ரீசரை அணைத்துவிடும் கடைகள் உண்டு. உருகி மறுபடி உறைந்த க்ரீமை எவ்வளவு அடித்தாலும் நிற்காது, தண்ணீர் விடும். பெட்டி உப்பியிருந்தாலோ கோணலாக உறைந்திருந்தாலோ எடுக்காதீர்கள். நல்ல க்ரீமை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் உருகவிட்டு, கொஞ்சம் பனித்துகள் மிச்சமிருக்கும்போதே அடியுங்கள்.

ஓவனை அன்றே வாங்க வேண்டாம். கடையில் தள்ளிவிடுவது பெரும்பாலும் 16, 20 லிட்டர். 8 அங்குல டின் வைத்துச் சுற்றிலும் காற்று ஓட 28 லிட்டராவது வேண்டும். 300 ரூபாய் சொச்சத்தில் ஓவன் தெர்மாமீட்டர் கிடைக்கும், அதையும் வாங்குங்கள். குமிழில் 180 என்று வைத்தால் உள்ளே 160 காட்டும் ஓவன்கள் நிறைய.

விற்க வேண்டுமென்றால் தேவை உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு. வீட்டளவில் செய்பவருக்குப் பெரிய லைசென்ஸ் வேண்டாம், அடிப்படை ரெஜிஸ்ட்ரேஷன் போதும். "நாங்களே எடுத்துத் தருகிறோம், 3,000 கொடுங்கள்" என்று வகுப்பு முடிந்ததும் ஒருவர் வருவார். கொடுக்காதீர்கள். அரசுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். ஃபாஸ்காஸ் என்ற அரசுத் தளத்தில் போட்டோ, அடையாளச் சான்று, முகவரிச் சான்று ஏற்றி நீங்களே விண்ணப்பிக்கலாம். அதே மாதிரி தோற்றத்தில் ஏஜென்டுகள் நடத்தும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். உள்ளே உணவு வகைப் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். வீட்டில் கேக் செய்கிற பெண்மணிக்கு எதற்கு இந்தச் சட்டப் புத்தகத் தமாஷ் என்று துறையில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஏஜென்டுகள் பிழைப்பதே இதனால்தான். பேக்கரிப் பொருட்கள் 7-வது பிரிவு, அதைத் தேர்ந்தெடுங்கள். கிடைக்கும் 14 இலக்க எண்ணைக் கேக் பெட்டியில் அச்சிட வேண்டும்.