கடன் பத்திரத்தில் இருவர் கையெழுத்து: பாதி கொடுத்தால் போதுமா?

கேள்வி: நானும் நண்பரும் சேர்ந்து தொழிலுக்காக ஒருவரிடம் கடன் வாங்கினோம். ஒப்பந்தத்தில் எங்கள் இருவரையும் 'வாக்குறுதியாளர்கள்' என்று எழுதியிருக்கிறது. தொழில் நொடித்துப்போய்விட்டது. கடன் கொடுத்தவர் நண்பரை விட்டுவிட்டு முழுத் தொகையையும் என்னிடமே கேட்கிறார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? என் பங்கு பாதிதானே?

பதில்: இன்னதைச் செய்கிறேன் என்று முன்வருபவர் வாக்குறுதியாளர், அதை ஏற்றுக்கொள்பவர் வாக்குறுதி பெறுபவர். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 2ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான். சிக்கல் 'கள்' விகுதியில் இருக்கிறது. இருவர் சேர்ந்து வாக்குக் கொடுத்திருந்தால், அவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்க 43ஆம் பிரிவு இடம் தருகிறது. எனவே கடன் கொடுத்தவரிடம் 'என் பாதியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று நீங்கள் வற்புறுத்த முடியாது. வசதி இருப்பவரைத்தான் முதலில் பிடிப்பார்கள். அது உலக வழக்கம்.

ஒரே விதிவிலக்கு, ஒப்பந்தத்திலேயே வேறு மாதிரி எழுதியிருப்பது. 'ஆளுக்குப் பாதி மட்டுமே பொறுப்பு' என்கிற மாதிரி வரி ஏதாவது இருக்கிறதா என்று பத்திரத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். நீங்களும் நண்பரும் வாய்வார்த்தையாகப் பேசிக்கொண்டது கடன் கொடுத்தவரைக் கட்டுப்படுத்தாது.

சரி, முழுவதையும் நீங்களே கட்டிவிட்டால்? அதே 43ஆம் பிரிவுப்படி நண்பரின் பங்கை அவரிடமிருந்து வசூலிக்கலாம். வேறு ஏற்பாடு இல்லாதவரை அது சரிபாதி. 'அவரை நான் விடுவித்துவிட்டேன்' என்று கடன் கொடுத்தவர் சொன்னாலும், 44ஆம் பிரிவுப்படி உங்கள் பொறுப்பும் தீராது, நண்பர் உங்களுக்குத் தரவேண்டியதும் தீராது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

இன்னொன்று, காலவரம்பு, அதாவது வழக்குப் போடுவதற்கான கெடு. இப்படிப்பட்ட கடன் வழக்குகளுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகள். இடையில் நண்பர் மட்டும் ஏதாவது கட்டியிருந்தாலோ, கடனை ஒப்புக்கொண்டு எழுதிக்கொடுத்திருந்தாலோ, அந்த ஒரே காரணத்தால் உங்களுக்கு எதிரான கெடு நீளாது என்கிறது காலவரம்புச் சட்டம், 1963-இன் 20ஆம் பிரிவு. நீங்களே அப்படிச் செய்தால் நீளக்கூடும். ஆகவே தேதிகளைச் சரிபார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், சிறு தொகைகூடக் கட்டாதீர்கள். கெடு முடியவில்லை என்றால் பணத்தை வங்கி வழியாகவே செலுத்தி ரசீது வாங்குங்கள். அப்புறம் தாமதிக்காமல் நண்பருக்கு, அவர் பங்கைக் கேட்டு, வழக்கறிஞர் மூலம் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள்.