காஸ் டிடெக்டர் தரையோரமா, கூரையோரமா?

கேள்வி: சமையலறையில் காஸ் டிடெக்டர் மாட்டப் போகிறேன். சிலிண்டர் என்றால் தரையோரம் மாட்டச் சொல்கிறார் கடைக்காரர். குழாய் காஸ் வந்துவிட்ட அண்ணன் வீட்டிலோ கூரையோரம் மாட்டியிருக்கிறார்கள். மகளின் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கும் நல்லியல்பு வாயுச் சமன்பாட்டை வைத்து, 30 டிகிரியில் புரப்பேனின் அடர்த்தியைப் போட்டுப் பார்த்தேன். கன மீட்டருக்கு 17.9 கிலோ வருகிறது. எங்கே தவறு?

பதில்: முதலில் ஒன்று: இரண்டு வீட்டுக்கும் சொன்ன இடம் சரிதான். உங்கள் கணக்கும் ஒரே ஓர் இடத்தில்தான் சறுக்கியிருக்கிறது. 30 என்பதை அப்படியே போட்டுவிட்டீர்கள். செல்சியஸின் சுழி பனிக்கட்டி உருகும் இடம், அவ்வளவுதான். வாயுவுக்கு அங்கே எதுவும் சுழியாவதில்லை. 273-ஐக் கூட்டி, தனிச்சுழியிலிருந்து எண்ணும் கெல்வின் அளவில் 303 என்று போட வேண்டும்.

அழுத்தத்தை மோலார் நிறையால் (ஒரு மோல் வாயுவின் நிறை) பெருக்கி, வாயு மாறிலியான 8.314-ஐயும் வெப்பநிலையையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. சாதாரணக் காற்றழுத்தத்தில் புரப்பேனுக்கு: 1,01,325 பாஸ்கல் × 0.0441 கிலோ ÷ (8.314 × 303) = கன மீட்டருக்கு 1.77 கிலோ. மோலார் நிறையைக் கிராமிலிருந்து கிலோவுக்கு மாற்ற நீங்கள் மறக்கவில்லை. பலர் வழுக்குவது அங்கேதான்.

இதே முறையில் பியூட்டேன் 2.34, காற்று 1.16, மீத்தேன் 0.65. சிலிண்டரில் இருப்பது முக்கியமாகப் புரப்பேனும் பியூட்டேனும். கசிந்தால் கீழே இறங்கும். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன், மேலே ஏறும். எது கனம் என்று மட்டும் தெரிய வேண்டுமானால் இவ்வளவு கணக்கே வேண்டாம். ஒரே அறையில் அழுத்தமும் வெப்பநிலையும் ஒன்றுதான் என்பதால், மோலார் நிறையைக் காற்றின் 29-உடன் ஒப்பிட்டாலே போதும்.

ஆனால் முழுக் கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிலிண்டரில் புரப்பேனும் பியூட்டேனும் பாதிக்குப் பாதி என்று வைத்தால் அடர்த்தி சுமார் 2.05. அப்படியானால் 14.2 கிலோ சிலிண்டர் முழுதும் கசிந்தால் ஏறக்குறைய 7 கன மீட்டர் காஸ். பத்தடி நீளம், அகலம், உயரம் உள்ள அறை 28 கன மீட்டர். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே இந்த காஸ் தீப்பற்றும். அதற்கு ஒரு கிலோவும் கொஞ்சமும் போதும். தரையோரம் தேங்கினால் அதைவிடக் குறைவே போதும்.

சிலிண்டருக்குள் இந்தச் சமன்பாட்டைப் போடாதீர்கள். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி திரவம்.

சரி, உங்கள் வீட்டில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், சிலிண்டருக்குப் பக்கத்தில், ஆனால் கதவுக் காற்று நேராக அடிக்காத இடத்தில் மாட்டுங்கள். அது ஒலித்தால் எந்த சுவிட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து, காஸ் கசிவுக்கான அவசர எண் 1906-ஐ அழையுங்கள்.