காயிலா, பென்னா? முன்கையில் பச்சை குத்தும் முன்

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலை பறிக்கிறேன். என் பாட்டி முன்கையில் இருந்த புள்ளிக் கோலத்தையும் கீழே அவர் பெயரையும் நானும் குத்திக்கொள்ள ஆசை. ஊட்டியில் ஒரு கடையில் ‘கொர்ர்’ரென்று இரையும் மெஷின், இன்னொன்றில் பேனா மாதிரி மெஷின். எதில் வலி குறைவு?

பதில்: உங்கள் டிசைனுக்குப் பென் மெஷின் போதும். அதைச் சொல்வது வலிக்காக அல்ல, சுத்தத்துக்காக.

இரைவது காயில் மெஷின். பழைய காலிங் பெல் வேலை செய்யும் விதம்தான்: இரண்டு மின்காந்தச் சுருள்கள் இரும்புப் பட்டையை இழுக்கும், இழுத்ததும் மின்தொடர்பு அறும், ஸ்பிரிங் பட்டையை மேலே தள்ளும், மறுபடி தொடர்பு. இந்தத் தொடர்பைத் தரும் காண்டாக்ட் ஸ்க்ரூவின் இடைவெளி சரியில்லாவிட்டால் அடி சீராக விழாமல் கோடு விட்டுவிட்டு வரும். தேர்ந்த கையில் தடித்த கோட்டுக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் கனம் அதிகம்.

பென்னுக்குள் இருப்பது சிறு மோட்டார். சுழற்சியை ஒரு கேம் (மையம் விலகிச் சுற்றும் சிறு சக்கரம்) மேலும் கீழுமான அசைவாக மாற்றும், அதிர்வு குறைவு. ‘3.5 மி.மீ. ஸ்ட்ரோக்’ என்று சொன்னால் பயப்படாதீர்கள். அது ஊசி ஓடும் தூரம். தோலுக்குள் இறங்குவது ஏறக்குறைய 1 முதல் 2 மி.மீ.தான். அதற்கு மேல் இறங்கினால் மை பரவி, கோட்டைச் சுற்றி நீலமாகக் கசியும். மேலோடு நின்றால் பக்கு உதிரும்போது மையும் போய்விடும். வலியைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்த ஆழமும், ஒரே இடத்தில் எத்தனை முறை ஊசி ஓடுகிறது என்பதும்தான். மணிக்கட்டின் உள்பக்கமும் முழங்கை மடிப்பும் எந்த மெஷினிலும் வலிக்கும்.

பென்னில் கார்ட்ரிட்ஜ் ஊசியை, அதாவது பிளாஸ்டிக் கூட்டோடு வரும் ஊசியை, செருகுவார்கள். அதற்குள் ரப்பர் சவ்வு இருக்கிறதா என்று கேளுங்கள். சவ்வு இல்லாவிட்டால் மையும் ரத்தமும் பின்னோக்கி மெஷினுக்குள் போகும். மோட்டார் உள்ள மெஷினை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைக்க முடியாது, அடுத்தவர் ரத்தம் உங்களுக்கு வரலாம். காயிலில் ஊசி ஓடும் குழாயாக ஸ்டீல் ட்யூப் பயன்படுத்தினால் 121 டிகிரி ஆட்டோகிளேவ் செய்த பாக்கெட்டை உங்கள் முன்னால் பிரிக்க வேண்டும். வெந்நீரில் கழுவினோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எந்த மெஷினானாலும் மெஷினுக்கும் வயருக்கும் புது பிளாஸ்டிக் உறை, மைக்குப் புதுக் கிண்ணி.

புள்ளிகளுக்கும் பெயருக்கும் 3ஆர்எல் அல்லது 5ஆர்எல் ஊசி (மூன்று அல்லது ஐந்து முனைகளை வட்டமாகச் சேர்த்த, கோடு போடும் ஊசி) கேளுங்கள். புள்ளிகளை மட்டும் மெஷினே இல்லாமல் ஒற்றை ஊசியால் கையாலேயே குத்தலாம், நேரம்தான் பிடிக்கும். பெயரில் கவனம் வேண்டும். ற, ண, ழ போன்ற எழுத்துகளின் சுழிகளும் வளைவுகளும் சின்னதாக இருந்தால் வருடங்கள் போகப் போக மை விரிந்து அடைத்துக்கொள்ளும். எழுத்து ஒரு செ.மீ. உயரத்துக்குக் குறைய வேண்டாம். குத்துவதற்கு முன் தோலில் டிசைனைப் பதிக்கும் ஸ்டென்சிலை ஒட்டியதும் எழுத்துக்கு எழுத்து வாசியுங்கள். ‘ன’வும் ‘ண’வும் மாறிய கைகள் ஊரில் நிறைய.

நாள் பார்ப்பது மலையில் கொஞ்சம் சிக்கல். ஜனவரி, பிப்ரவரியில் இலை குறைவு, லீவு எடுப்பது சுலபம். ஆனால் உறைபனிக் குளிரில் உடம்பு நடுங்கினால் கோடு நேராக வராது, தோலும் வறண்டு இழுக்கும். ஹீட்டர் உள்ள அறையா என்று கேட்டு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

பிறகு இரண்டு வாரமாவது செடிக்குள் கைவிட வேண்டாம். கிளை உரசும், மருந்து தெளித்த இலை படும். ஸ்வெட்டரின் கம்பளி இழை பக்கில் ஒட்டிக்கொள்ளும், உள்ளே முழுக்கை காட்டன் போடுங்கள். மிதமான சோப்பில் தினம் இருமுறை கழுவி, ஒற்றியெடுத்து, வாசனையில்லாத க்ரீம் மெல்லிசாக. பக்கைக் கிள்ளாதீர்கள். உயரம் கூடினால் புற ஊதாக் கதிரும் கூடும், மேகம் மூடியிருந்தாலும் கையை மூடியே வையுங்கள். ஆறிய பிறகுதான் சன்ஸ்க்ரீன். சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ கடைக்கு அல்ல, டாக்டரிடம்.

இன்னொன்று: குத்திய நாளிலிருந்து 12 மாதம் ரத்த தானம் செய்யக் கூடாது. தோட்டத்தில் முகாம் போட்டால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.